மணிக்கட்டில் நீல நூல்

அத்தியாயம் ஒன்பது

கனசாவாவில் அன்றும் மழை.

அருங்காட்சியக வாசலில் குடைகளைப் பூட்டி வைக்கும் தாங்கி இருந்தது. தொகுஜி தன் குடையைச் செருகிச் சாவியைத் திருப்பினார். இழுத்துப் பார்த்தார். இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

"சித்தப்பா பேங்க்ல லாக்கர் பூட்டுற மாதிரி பூட்டுறாரு," என்றாள் ரிஹோ.

"அனுபவம்," என்றாள் கினுவே. "எங்கப்பா குடையை இவரு எங்க வீட்டுக்கு வந்த வாரமே தொலைச்சாரு. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கறப்போ. அதுலேருந்து இந்தக் கவனம்."

தொகுஜி சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்க மூட்டையையும் அலமாரியில வச்சுடலாமே சித்தி."

"இருக்கட்டும்."

"யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க."

"எடுத்தாலும் அறுபது வயசுக்காரிதான் எடுக்கணும்," என்றார் தொகுஜி. "இந்தச் சிவப்பு வேற யாருக்கு உதவும்?"

துணி மூட்டைக்குள் இருந்தது சிவப்புக் கையில்லாச் சட்டை. அறுபது நிறைந்தவருக்குச் சிவப்புத் தொப்பியும் சிவப்புச் சட்டையும் போட்டு நடுவில் உட்கார வைப்பார்கள். இன்று மதியம் கினுவேயின் அக்கா, ரிஹோவின் அம்மா மிசாவோவுக்கு அந்த நாள். தொப்பி கடையில் வாங்கியது. சட்டையைக் கினுவே சகாதாவில் தன் வீட்டில் உட்கார்ந்து மூன்று மாதமாகப் பின்னியிருந்தாள்.

கீழ் விளிம்பு மட்டும் பாக்கி. அக்காவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இளைத்துவிட்டாள் என்று கேள்வி. போட்டுப் பார்த்து நீளத்தை முடிவு செய்யலாம் என்று விட்டுவைத்தாள். வந்த மூன்று நாளில் அதற்கு நேரம் வாய்க்கவில்லை. விருந்துக்கு முன் உடுத்தும் அறையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். ஊசிகள் கைப்பையில் இருந்தன.

கல்யாணமான முப்பத்திரண்டு வருடத்தில் இதுதான் அவளுடைய முதல் விடுமுறை. பார்வை போன அம்மாவை விட்டு அவள் ஓர் இரவும் வெளியே தங்கியதில்லை. அம்மா போய் இரண்டு வருடமான பிறகுதான் பெட்டியை எடுத்தாள். முந்தாநாள் தங்கத்தாள் அருங்காட்சியகம். நேற்றுக் காலை சாயப்பட்டு அருங்காட்சியகம். நேற்று மதியம் ரிஹோவின் மூன்று வயது மகளுக்குக் கோயில் சடங்கு. குழந்தையின் தோளில் கினுவே பின்னிய வெள்ளைச் சால்வை இருந்தது. பார்த்த வடிவங்களைக் கட்டம் போட்ட நோட்டில் பதினோரு பக்கம் வரைந்தாகிவிட்டது. தொகுஜி ஒவ்வொரு கூடத்திலும் முதலில் பெஞ்சைத் தேடினார். உட்கார்ந்தார். அவசரப்படுத்தவில்லை.

நேற்று ராத்திரி அவரிடம், "நல்லா இருக்குல்ல," என்று கேட்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றிருந்தார்.

"கடைசிக் கூடம்தான் முக்கியம்," என்றாள் ரிஹோ, உள்ளே வந்ததும். "கண்ணை மூடிட்டு வாங்க சித்தி."

"இந்த வயசுல மூடினா அப்படியே தூங்கிடுவேன்."

"நான் பிடிச்சுக்கறேன். மூடுங்க."

கினுவே மூடினாள். ரிஹோவின் விரல்கள் சூடாக இருந்தன. பன்னிரண்டு அடி நடந்தாள்.

"இப்ப திறங்க."

கூடத்தின் பெயர் 'வீட்டில் பின்னியவை.' கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஆண் ஸ்வெட்டர் கைகளை விரித்துத் தொங்கியது. கருஞ்சாம்பல் நிறம். மார்பில் மீன்வலைக் கட்டங்கள். அவற்றுக்குக் கீழே மூன்று வரிசை அலை. இடது கையில் ஏழாவது கட்டம் ஒரு கண்ணி தள்ளிப் போயிருந்தது.

அந்தக் கண்ணி தள்ளிய ராத்திரி அவளுக்கு நினைவிருந்தது. அம்மா தண்ணீர் கேட்டு எழுப்பியிருந்தாள்.

"ஆச்சரியம்," என்றாள் ரிஹோ. "வீட்டு மேல் அலமாரியைச் சுத்தம் பண்றப்போ கிடைச்சுது. கற்பூரம் போட்டு, தாள் சுத்தி, பெட்டியில. மேல அனுப்புனர்னு உங்க பேரு. வருஷம் ஷோவா அறுபத்திரண்டு. வீட்டுப் பின்னல் கேட்டு இவங்க விளம்பரம் போட்டிருந்தாங்க. குடுத்துட்டேன். பாத்தீங்களா, நடுவுல வச்சிருக்காங்க."

கினுவே அட்டையை வாசித்தாள்.

'ஆண் ஸ்வெட்டர். சகாதா. ஷோவா 62 (1987). வலை, அலை வடிவங்கள். மணிக்கட்டுகளில் நீல நிற அலங்கார விளிம்பு.'

அவள் மணிக்கட்டுகளைப் பார்த்தாள். இரண்டு கையும் நீலப் பருத்தி நூலில் முடிந்திருந்தன.

அது அலங்காரம் இல்லை. நீளம் தெரியாத இடத்தில் பின்னுகிறவர்கள் அப்படித்தான் தொடங்குவார்கள். வேறு நிறத்து மிச்ச நூலைக் கொக்கி ஊசியால் சங்கிலியாகக் கோர்த்து, அதன் மேல் முதல் வரிசையைப் போடுவார்கள். அளவு தெரிந்தபின் சங்கிலியை உருவினால் கண்ணிகள் திறந்து நிற்கும். அவற்றை ஊசியில் எடுத்து, வேண்டிய நீளத்துக்குப் பட்டை பின்னி முடிப்பார்கள். உருவிய நூல் குப்பைக்குப் போகும்.

நீல நூல் இன்னும் அங்கே இருக்கிறதென்றால் யாரும் அளவு எடுக்கவில்லை. யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

"பிடிக்கலையா சித்தி?"

"கண்ணாடி கூசுது."

"அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நாளைக்குக் கூட்டிட்டு வந்து காட்டலாம்னு இருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து நின்னா ஒரு போட்டோ எடுக்கணும்."

"நாளைக்கா," என்றாள் கினுவே.

தொகுஜி ஸ்வெட்டரைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். குடைகளை எடுத்து வைப்பதாகச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

*

அந்த ஸ்வெட்டர் ஹிரோமுவுக்குப் பின்னியது.

கனசாவாத் துறைமுகத்தில் கப்பல் இயந்திரம் பழுதுபார்ப்பவன். ஒரு கோடை முழுக்கச் சகாதாவில் வேலை செய்தான். அடுத்த வசந்தத்தில் வடக்கே குஷிரோவுக்கு மாற்றல். கல்யாணம் செய்து அங்கே கூட்டிப்போவதாகப் பேச்சு. குஷிரோ குளிர் வேறு மாதிரி, ஒரு ஸ்வெட்டர் வேண்டும் என்று அவன் கேட்டான். கை அளவு எடுக்க அவன் அருகில் இல்லை. கனசாவாவில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவுக்குத்தான் பெட்டியை அனுப்பினாள். உள்ளே ஒரு சீட்டும் வைத்தாள். 'அவனுக்குப் போட்டுப் பார்த்துப் பட்டையைப் பின்னிக் கொடுத்துவிடு. அளவு எடுப்பதில் நீதான் கெட்டிக்காரி.'

பத்து நாளில் அக்கா தொலைபேசியில் பேசினாள். போட்டுப் பார்த்தான். இருபத்திரண்டு வரிசையில் பட்டை பின்னிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். ஆனால் அவனுக்கு மனசு மாறிவிட்டது. உன்னிடம் சொல்ல முகமில்லையாம். விட்டுவிடு.

கினுவே விட்டுவிட்டாள். அவன் அந்த ஸ்வெட்டரை எப்படிப் போட்டுக்கொள்கிறான் என்று மட்டும் சில குளிர்காலங்களில் யோசித்தாள். ஆண் பிள்ளை இல்லாத வீடு. அந்த இலையுதிர்காலமே தொகுஜி வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார். அவளுடைய குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டார். அம்மாவை முதுகில் தூக்கிக் குளிக்க வைத்தார்.

டாக்சியில் அவள் மடியில் மூட்டை இருந்தது. தொகுஜி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

*

விருந்து, ஆற்றோர உணவகத்தின் மாடியில். உடுத்தும் அறையில் மிசாவோ கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். தலையில் சிவப்புத் தொப்பி.

"வந்துட்டியா. இதைப் பாரு, தீயணைப்புக்காரன் மாதிரி இருக்கேன். எங்க என் சட்டை? பிரி, பிரி."

கினுவே கதவைச் சாத்தினாள். மூட்டையைப் பிரிக்கவில்லை.

"அக்கா, ஹிரோமுவோட கை எவ்வளவு நீளம் இருந்துச்சு?"

கண்ணாடிக்குள் மிசாவோவின் முகம் அப்படியே நின்றது.

"எந்த ஹிரோமு?"

"பட்டை நீதானே பின்னுன. எத்தனை வரிசை?"

"முப்பது வருஷக் கதை. யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"இருபத்திரண்டுன்னு சொன்ன."

"சொல்லியிருந்தா இருபத்திரண்டுதான்."

"காலையில பாத்தேன். நீல நூல் அப்படியே இருக்கு."

மிசாவோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். அதன் ஓரத்தை நீவினாள். கீழே யாரோ சிரித்தார்கள். படியில் தட்டுகள் போயின.

"யாரு எடுத்துக் குடுத்தது?"

"ரிஹோ. நம்ம ரெண்டு பேரையும் சந்தோஷப்படுத்தணும்னு."

"அவ அப்படித்தான். யாரையும் ஒரு வார்த்தை கேக்க மாட்டா. தானே முடிவு பண்ணிடுவா."

"யாருகிட்ட கத்துக்கிட்டாளோ."

மிசாவோ தொப்பியை மடியில் திருப்பி வைத்தாள்.

"அவனைப் பாக்கவே போகலியா நீ?"

"போனேன். பெட்டியை எடுத்துட்டுப் போகல."

"என்ன சொன்ன?"

"நீ வரலைன்னு சொன்னேன். அம்மாவை விட்டு வர உனக்கு மனசில்லைன்னு."

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லியிருப்ப. குஷிரோ போய் ஒரு வருஷம் கழிச்சுச் சொல்லியிருப்ப. நான் முன்னாடியே சொல்லிட்டேன்."

"அதை நான் சொல்லணும் அக்கா."

"அம்மாவுக்கு அப்பவே ஒரு கண்ணு போயாச்சு. எனக்கு இங்க மாமியார் படுத்த படுக்கை. வயித்துல ரிஹோ. நீயும் போயிட்டா அம்மாவை யாரு பாக்கறது? தெருவா பாக்கும்?"

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா போயிருப்ப."

கினுவே நின்றுகொண்டே இருந்தாள். போயிருப்பாள். அது உண்மை. அந்த உண்மையை அக்கா முப்பத்திரண்டு வருடம் முன்பே தெரிந்து வைத்திருந்தாள். அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.

"தொகுஜி மாதிரி ஒருத்தர் கிடைச்சாரு," என்றாள் மிசாவோ. "குறைன்னு சொல்லு பாப்போம்."

"அவரைப் பத்திப் பேசாத."

"அம்மா உன் மடியில போனா. எனக்கு அது கிடைக்கல."

"அதையும் எனக்குக் குடுத்தேன்னு சொல்றியா?"

மிசாவோ கண்களைத் துடைத்துக்கொண்டாள். கினுவேக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தாள்.

"அந்த ஸ்வெட்டரை ஏன் பிரிக்கல?" என்று கேட்டாள்.

வேண்டாத ஸ்வெட்டரை யாரும் சும்மா வைத்திருப்பதில்லை. பிரித்து, கெட்டில் ஆவியில் காட்டி நூலின் சுருள் போக்கி, வேறொன்று பின்னிவிடுவார்கள். சகோதரிகள் இருவரும் வளர்ந்ததே அப்படிப் பிரித்துப் பின்னிய சட்டைகளில்தான்.

"அந்த நூல்ல ரிஹோவுக்கு மூணு சட்டை வந்திருக்கும்," என்றாள்.

"உக்காந்தேன். ரெண்டு தடவை உக்காந்தேன்." மிசாவோ தன் கைகளைப் பார்த்தாள். "நுனி கிடைக்கல. நீ அப்படி மறைச்சு வச்சிருந்த."

கதவைத் தட்டிவிட்டு ரிஹோ தலையை நீட்டினாள். "எல்லாரும் வந்தாச்சு. நண்டு ஆறுது."

"ஒரு நிமிஷம்," என்றாள் மிசாவோ. கதவு மூடியது. "சட்டையைக் காட்டு."

கினுவே முடிச்சை அவிழ்த்தாள். சிவப்புச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. கீழ் விளிம்பில் நீலச் சங்கிலி ஓடியது. அவள் வீட்டில் அந்த நீலப் பருத்தி நூல் எப்போதும் ஓர் உருண்டை இருக்கும். வழுக்கும், எளிதில் உருவலாம்.

மிசாவோ விளிம்பைத் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"முடிக்கலியா?"

"உன் நீளம் தெரியல."

"ஒரு மணி நேர வேலைதானே. அவங்களைச் சாப்பிடச் சொல்றேன். நீ இங்கேயே முடிச்சுடு."

கினுவே கைப்பையைத் திறந்தாள். ஊசிகள் மேலேயே இருந்தன. சிவப்பு நூல் உருண்டையும் இருந்தது. பார்த்தாள். பையை மூடினாள்.

"வா," என்றாள்.

*

பதினான்கு பேர். குட்டை மேசைகளில் நண்டு, சிவந்து, கால் மடித்துக் கிடந்தது. மிசாவோவை நடுவில் உட்கார வைத்தார்கள்.

கினுவே சட்டையைப் போட்டுவிடாமல் இருந்திருக்கலாம். மூட்டையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போயிருக்கலாம். படி இறங்கும் வாசல் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ரிஹோவின் மூன்று வயது மகள் வெள்ளைச் சால்வையோடு முன்னால் உட்கார்ந்து, எப்போது போடுவார்கள் என்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கினுவே அக்காவின் பின்னால் மண்டியிட்டாள். சட்டையை விரித்தாள். மிசாவோ ஒரு கையை நுழைத்தாள், பிறகு மறு கையை. தோள் சரியாக இருந்தது. கழுத்து சரியாக இருந்தது. நீளம் இரண்டு விரல் குறைவு.

கைதட்டினார்கள்.

"அந்த நீல ஓரம் எடுப்பா இருக்கே," என்றார் ஒன்றுவிட்ட அண்ணன். "கினுவே கைவேலைன்னா அதுல ஒண்ணு தனியா இருக்கும்."

"அலங்காரம்," என்றாள் கினுவே.

மிசாவோவின் கை விளிம்பைப் பிடித்து மடிக்குள் அழுத்தியது.

முன் பக்கம் வந்து கினுவே நாடாவைக் கட்டினாள். இருவர் தலையும் நெருங்கியிருந்தன.

"எப்ப முடிச்சுத் தருவ?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"நீயே பாத்துக்கோ. அளவு எடுக்கறதுல நீதானே கெட்டிக்காரி."

நாடாவை இறுக்கினாள். ரிஹோ கேமராவைத் தூக்கினாள்.

"சித்தி, அப்படியே இருங்க. அம்மா, சிரி."

மிசாவோ சிரித்தாள். சிரிப்பைக் கலைக்காமல், கேமராவைப் பார்த்தபடியே பேசினாள்.

"என்னை மட்டும் கேக்கற. அவன் நான் சொன்னதை நம்பல. இலையுதிர்காலத்துல சகாதாவுக்கு வந்தான். உன் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி. அப்புறம் எனக்கு ஒரு கார்டு போட்டான். வாசல்ல யாரு நின்னாங்கன்னு உன் வீட்டுக்காரரைக் கேளு."

வெளிச்சம் வெட்டியது.

"இன்னொண்ணு," என்றாள் ரிஹோ.

மீண்டும் வெளிச்சம்.

*

கினுவே தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

தொகுஜி நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய வேலை. கல்யாணமான முதல் குளிர்காலத்திலிருந்து அவள் நண்டு உடைத்ததில்லை. ஊசி பிடிக்கிற விரல், கீறிக்கொள்ளாதே என்பார். காலைக் கத்தரியால் நீளமாக வெட்டி, சதையைச் சிதையாமல் உருவி, அவள் தட்டில் வரிசையாக வைப்பார். தனக்கு ஓட்டில் ஒட்டியது போதும்.

அவள் தட்டில் நான்கு துண்டு இருந்தன. ஐந்தாவதை வைத்தார்.

"சாப்பிடு. ஆறிடும்."

அவள் குச்சிகளை எடுக்கவில்லை. எதிரே சிவப்புச் சட்டையில் இருந்த அக்காவுக்கு யாரோ சாக்கே மது ஊற்றினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆறு தெரிந்தது. மழை இன்னும் விடவில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய அந்த வாரமும் மழை. தொகுஜியின் சாமான்கள் வந்து இறங்கிய, அப்பாவின் குடை காணாமல் போன வாரம். அலமாரி நனையக்கூடாது என்று அவரே வாசலில் நின்று இறக்கினார். அவள் பின்கட்டில் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வாசலில் யாரோ பேசுவது கேட்டது. யாரு என்று கேட்டாள். வழி கேட்டு வந்தவங்க என்றார்.

"என்னங்க."

"ம்."

"காலையில அந்த ஸ்வெட்டரைப் பாத்தீங்க."

"பாத்தேன்."

"யாருக்குப் பின்னினதுன்னு நீங்க ஏன் கேக்கல?"

கத்தரி ஆறாவது காலின் பாதியில் நின்றது. தொகுஜி அதை மேசையில் வைத்தார். ஈரத்துணியை எடுத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பத்தையும் துடைத்தார். துணியை நான்காக மடித்தார்.

"நல்ல மழை அன்னிக்கு," என்றார்.

அவள் காத்திருந்தாள்.

"உங்கப்பா குடை தொலைஞ்சு போகல, கினுவே."